எத்தனை அம்பியர் தாங்கும்?

ஜேர்மனி நாட்டுக் கொலோன் நகரிலே, இயேசு சபையாரின் பழைய பாடசாலையொன்றிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்து வந்த ஓர் ஆசிரியர், தாம் செய்த பரிசோதனைகளின் முடிவுகளைத் திரட்டி 1827 ஆம் ஆண்டிற் பேர்லினில் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் பெயர் கேயோர்க் சைமன் ஓம். கம்பியொன்றின் இரு முனைகளுக்குமிடையே மின்னழுத்தங் கூடினால் அதில் ஓடும் மின்னோட்டமுங் கூடும். கம்பியின் தடை கூடினால் மின்னோட்டங் குறையும் என்பதே அந்நூலின் சாரம். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் வரும். இந்த எளிய வகுத்தலை அவருடைய நாட்டு அறிஞர் முதலில் மதித்திலர். 1841 இல் இலண்டன் றோயற் சங்கம் கொப்லிப் பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் பரவிற்று.

நம் மாணவர் இவ்விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கின்றனர். வகுத்தலிற் பிழை விட்டால் நாலு புள்ளி போகும். அதற்குமேல் ஒன்றும் நிகழாது. ஆனால், இதே வகுத்தலைத் தம் சட்டைப் பையிலுள்ள ஒரு குழலுக்காகச் செய்ய வேண்டியவர்களாய் மேல்நாடுகளிற் பல்லாயிரம் இளைஞர் இருக்கின்றனர். அவர்கள் பிழை விட்டாற் போவது புள்ளியன்று. பல்லும் முகமும் போகலாம், சில வேளை உயிரே போகலாம். ஆவிச் சிகரெட்டுப் பற்றியே சொல்கின்றோம்.

இக்கருவியின் இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டியவர் சீன தேசத்து மருந்தாளர் ஹொன் லிக் என்பவர், ஆண்டு 2003. புகையிலையை எரிப்பதற்குப் பதிலாக, நிக்கொற்றீன் கலந்த திரவமொன்றை ஆவியாக்கி உறிஞ்சுவதே இதன் தத்துவம். உள்ளே ஒரு மின்கலம். அதனோடு இணைந்த சிறு கம்பிச்சுருள். சுருளின் நடுவே திரவத்திற் தோய்ந்த பஞ்சுத்திரி. பொத்தானை அழுத்தினாற் சுருள் சூடேறும், திரவம் ஆவியாகும். இவ்வாவி நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதை வைத்தியர்கள் ஆராயட்டும். நாம் இங்கே எடுத்துக்கொண்டது அதன் பின்னாலிருக்கும் பற்றரியை. இலங்கையிற் புகையிலை அடங்கிய இலத்திரன் சிகரெட்டுகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைத் தடுக்கும் ஒழுங்குவிதி 2016 இல் வெளியிடப்பட்டது. இந்தியா 2019 இல் முற்றாகவே தடைசெய்தது. இங்கிலாந்திலோ நிலைமை வேறு. அங்கே வளர்ந்தோர் இதனைக் கடையிற் சட்டப்படி வாங்கலாம். நம்மவர் பிள்ளைகள் பலர் அங்கே வாழ்வதாலும், இக்கருவியிலுள்ள பற்றரி இன்று நம் வீட்டு மின்சூளிலும் மடிக்கணினியிலும் புகுந்துவிட்டதாலும், விஷயம் நமக்கு முற்றும் அந்நியமானதன்று.

முதன்முதலில் விற்பனைக்கு வந்த கருவிகளின் சுருள்கள் 2 ஓம், 3 ஓம் தடையுடையனவாயிருந்தன. அவை தந்த ஆவி சொற்பம். நிறைந்த ஆவி வேண்டியோர், தாமே கம்பி வாங்கிச் சுருள் சுற்றத் தொடங்கினர். தடையைக் குறைத்தால் மின்னோட்டம் பெருகும். மின்னோட்டம் பெருகினால் வெப்பம் பெருகும். வெப்பம் பெருகினால் ஆவி மேகம்போற் கிளம்பும். ஒரு ஓமுக்குக் குறைந்த தடையுடைய சுருளைச் ‘சப்-ஓம்’ என்று பெயரிட்டு வழங்கினர். பின்னர் யார் பெரிய மேகம் விடுவது என்று போட்டிகளும் நடந்தன. பட்டம் ஏற்றும் போட்டியிலே நூலறுந்தாற் பட்டந்தான் போகும். இப்போட்டியிலே அறுவது எது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சுருளுக்கு அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலுங் காந்தல் என்னுங் கம்பி. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த இக்கலப்புலோகம் சுவீடன் நாட்டிற் பிறந்தது. பாண் வாட்டும் மின்கருவியிலும் மின்னடுப்பிலும் உள்ள கம்பியும் இவ்வினத்ததே. அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள காந்தற் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 7.4 ஓம். ஆகவே 10 சென்ரிமீற்றர்க் கம்பியைச் சுற்றினால் 0.74 ஓம். அத்தகைய சுருள்கள் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 0.37 ஓம். நான்கை இணைத்தாலோ 0.185 ஓம். கம்பியை வெட்டிச் சுற்றுபவனுக்கு ஒவ்வொரு படியும் சிறு மாற்றமாகவே தோன்றும். ஒரு சுருள் கூடிற்று, ஆவியுங் கூடிற்று, அவ்வளவுதான். ஆனால் மின்கலத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். முழுதும் மின்னேற்றிய இலித்தியம்-அயன் கலமொன்றின் அழுத்தம் 4.2 வோல்ற்று. 0.74 ஓமுக்கு அது கொடுக்க வேண்டியது 5.7 அம்பியர். 0.37 ஓமுக்கு 11.4. 0.185 ஓமுக்கு 22.7. கண்ணுக்கு வேறுபாடு தெரியாத அக்குழலுக்குள்ளே மின்னோட்டம் நான்கு மடங்காகிவிட்டது என்று சொன்னாலும் மிகையாகாது.

22.7 அம்பியர் என்றால் எவ்வளவு? மோட்டார் வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து எடுப்பது ஏறக்குறைய 9 அம்பியர். சுவரிற் செருகும் சதுரக்காற் செருகியினுள் 13 அம்பியர் உருகியொன்று இருக்கின்றது. அதற்குமேற் சென்றால் உருகி தன்னை மாய்த்துக்கொண்டு வீட்டைக் காக்கும். பெருவிரல் தடிப்புள்ள இக்கலத்துக்கோ, நாம் கூறப்போகும் ஒருவகைக் கருவியிலே, உருகியும் இல்லை, காவலும் இல்லை.

கலத்தின் எல்லை

இக்கலத்தை 18650 என்று இலக்கத்தாலேயே அழைப்பர். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், ஈற்றிலுள்ள பூச்சியம் உருளை வடிவத்தைக் குறிப்பது. இலித்தியம்-அயன் கலத்தை வர்த்தகத்துக்கு முதலிற் கொணர்ந்தது சொனி நிறுவனம், 1991 இல். இதற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்காம், யொஷினோ ஆகிய மூவரும் 2019 இல் இரசாயனத்துக்கான நோபெற் பரிசைப் பெற்றனர். மடிக்கணினியை இயக்கவும் மோட்டார் வண்டியை ஓட்டவும் பயன்படும் அருமையான சாதனம் இது. ஆனால் இதன் எல்லைகளை அறிந்தே இதனைக் கையாள வேண்டும்.

எல்லைகளில் முக்கியமானது இடையறா மின்னோட்ட எல்லை. கலம் நிறைந்திருக்கும் நிலையிலிருந்து வெறுமையாகும்வரை, நடுவே ஓய்வின்றி, பழுதுபடாமலும் அளவு கடந்து சூடேறாமலும் எத்தனை அம்பியர் தரவல்லது என்பதே அது. உற்பத்தி செய்தவர் இதனைத் தம் தரவுத்தாளிற் குறிப்பர். சம்சுங் நிறுவனத்தின் 25ஆர் என்னுங் கலத்துக்கு 20 அம்பியர். அதன் கொள்ளளவு 2500 மில்லியம்பியர்மணி. அதே நிறுவனத்தின் 30கியூ கலத்தின் கொள்ளளவு 3000. எல்லை 15 அம்பியர் மட்டுமே. சொனி நிறுவனத்தின் விரீசீ4 கலத்துக்கு எல்லை 30 அம்பியர். கொள்ளளவோ 2100 தான். கொள்ளளவு கூடக்கூட எல்லை குறைந்து செல்வதைக் கவனிக்க. இதற்குக் காரணம் உண்டு. உருளைக்குள்ளே இரு உலோகத் தகடுகளின்மேல் இரசாயனப் பொருள்களைப் பூசிப் பாய்போற் சுருட்டி வைத்திருக்கின்றனர். பூச்சைத் தடிப்பாக்கினால் மின்னை அதிகம் சேமிக்கலாம். ஆனால் அயன்கள் தடித்த பூச்சினூடு போய்வர வருந்தும், அகத்தடை கூடும். பூச்சை மெலிதாக்கினால் மின்னோட்டம் தாராளம், சேமிப்புக் குறைவு. குடம் பெரிதானாற் கழுத்து ஒடுங்கும். இரண்டையும் ஒருங்கே தருவதாக ஒருவன் விளம்பரஞ் செய்வானாயின் அவன் பொய்யன்.

அத்தகைய பொய்யர் இவ்வர்த்தகத்தில் மலிந்துள்ளனர். கலத்தை உற்பத்தி செய்யாமல், மொத்தமாக வாங்கித் தம் பெயரிட்ட பிளாத்திக்கு உறையை மாட்டி விற்போர் பலர். அவர்கள் உறையிலே 35 அம்பியர், 40 அம்பியர் என்று பெரிதாக அச்சிடுவர். அவ்விலக்கம் சில வினாடி நேரத்துக்குரிய எல்லையாயிருக்கலாம், வெறுங் கற்பனையாயுமிருக்கலாம். 18650 அளவுள்ள கலமொன்றுக்கு 9900 மில்லியம்பியர்மணி என்று எழுதியிருப்பதையும் காணலாம். உண்மைக் கலங்களின் கொள்ளளவு 3600 அளவிலேயே நின்றுவிடும். கொள்ளளவிற் பொய் சொல்பவன் அம்பியரில் மெய் சொல்வான் என்று நம்ப இடமில்லை.

இனிக் கருவிக்கு வருவோம். இருவகை உண்டு. ஒன்று, உள்ளே இலத்திரன் சுற்றுப்பலகை வைத்து, தடையை அளந்து, குறுஞ்சுற்றைக் கண்டால் நிறுத்தி, வலுவைக் கட்டுப்படுத்துவது. இதனை ஒழுங்காக்கிக் கருவி எனலாம். மற்றது செம்பினாலோ பித்தளையினாலோ கடைந்த வெறுங் குழல். ஒரு முனையிற் பொத்தான், மறு முனையிற் சுருள், நடுவே கலம். ‘மெக்கானிக்கல் மொட்’ என்று இதனை வழங்குவர். நம் பாட்டன்மார் பயன்படுத்திய மின்சூளுக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. ஆனால் அம்மின்சூளில் இருந்த உலர்கலத்தைக் குறுஞ்சுற்றாக்கினாற் சற்றே சூடேறிச் சாகும். இது அப்படிச் சாகாது.

குழற்கருவியிலே ஓமின் விதி நேரே செயற்படும். 0.5 ஓமுக்கு 8.4 அம்பியர். 0.2 ஓமுக்கு 21. 0.15 ஓமுக்கு 28. 0.1 ஓமுக்கு 42. இருபது அம்பியர்க் கலத்தை வைத்திருப்பவன் 0.2 ஓமிலேயே எல்லையைக் கடந்துவிடுகின்றான். 0.1 ஓமுக்குரிய கலம் இவ்வளவில் இல்லையென்றே கொள்ளலாம். கணக்கை 3.7 வோல்ற்றிற் செய்து தம்மைத் தேற்றிக்கொள்வோரும் உளர். அது கலத்தின் சராசரி அழுத்தம். மின்னேற்றியிலிருந்து எடுத்து முதன்முறை பொத்தானை அழுத்தும்போது இருப்பது 4.2. முதல் அழுத்தலுக்கே கணக்குப் பார்க்க வேண்டும்.

அளவுகருவியின் வழுவையும் எண்ண வேண்டும். மலிவான ஓம்மானி 0.05 ஓம் கூட்டியோ குறைத்தோ காட்டுவது சாதாரணம். சுருள் 1 ஓமாயின் இவ்வழு பொருட்டன்று; 4.2 அம்பியருக்குப் பதிலாக 4.4 ஓடும். சுருள் 0.15 ஓமாகக் காட்டி, உண்மையில் 0.1 ஓமாக இருந்தால் 28 என்று எண்ணியவிடத்து 42 அம்பியர் ஓடும். வகுக்கும் எண் பூச்சியத்தை நெருங்குந்தோறும் ஈவு எப்படித் தாவும் என்பதை எட்டாம் வகுப்பிற் கற்றிருக்கின்றோம். மிகக் குறைந்த தடைகளில் உள்ள அபாயமே இதுதான்: பிழைக்கு அங்கே இடமில்லை. திருகாணி சற்றே தளர்ந்து சுருளின் இரு சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டாலும் அதே கதிதான்.

‘ஒரு வருடமாக ஊதுகின்றேன்’

‘நான் ஒரு வருடமாக 0.1 ஓமில் ஊதுகின்றேன், பற்றரி கையிற் சூடாகக்கூட இல்லை. இந்த எல்லையெல்லாம் பயமுறுத்தல்’ என்று கூறுவோர் உண்டு. இக்கூற்றைப் பரிகசித்துத் தள்ளுவது நேர்மையன்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏன் பொய்யன்று என்பதை விளங்கிக்கொண்டால்தான் அபாயம் எங்கே இருக்கின்றது என்பது புலப்படும்.

மின்னோட்டம் ஒரு தடையினூடு செல்லும்போது பிறக்கும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்றதாயிருக்கும். 1840 ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டறிந்தவர் இங்கிலாந்திலே மதுவடிசாலை உரிமையாளரின் புதல்வரான யூல். இவ்வெப்பம் சுருளில் மட்டுமன்றிக் கலத்தின் அகத்தடையிலும் பிறக்கும். நல்ல கலமொன்றின் அகத்தடையை 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 அம்பியர் ஓடினாற் கலத்தினுள் 8 வாற்று வெப்பம். 40 அம்பியர் ஓடினால் 16 அன்று, 32 வாற்று. ஈயம் பற்றவைக்குஞ் சிறு சூட்டுக்கோலுக்குச் சற்றுக் குறைவான வெப்பம், அடைத்த உருளையின் வயிற்றினுள்ளே.

கலத்தின் நிறை ஏறத்தாழ 45 கிராம். அதன் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 40 யூல் அளவில் வேண்டும். 40 அம்பியரில் நான்கு வினாடி ஊதினாற் பிறப்பது 128 யூல். கலம் மூன்று பாகை சூடேறும். பின்னர் மெல்ல ஆறிவிடும். ஆகவே ‘கையிற் சூடாகவில்லை’ என்பவர் சொல்வது முற்றும் உண்மை.

ஆனால் பொத்தான் சிக்கிக்கொண்டால்? அல்லது குழலைப் பையிற் போட்டு அமர்ந்தபோது பொத்தான் அழுந்திவிட்டால்? அப்போது நான்கு வினாடி என்பது நாற்பது வினாடியாகும், மூன்று நிமிடமாகும். அதே 32 வாற்று மூன்று நிமிடத்தில் 5700 யூலுக்கு மேற் பெருக்கும். வெளியே கசியும் வெப்பத்தைக் கழித்தாலும் கலம் 100 பாகை செல்சியசைத் தாண்டிவிடும். இருபது அம்பியர்க் கலத்தில் இருபது அம்பியரே ஓடியிருந்தாற் கலம் தொட முடியாதபடி சுட்டிருக்கும், கெட்டும் போயிருக்கும். ஆயினும் வெறுமையாகி ஓய்ந்திருக்கும். இடையறா மின்னோட்ட எல்லை என்று ஒன்றை வகுத்தது இதற்காகவே. எல்லாம் ஒழுங்காக நடக்கும் முந்நூற்றறுபத்துநாலு நாளுக்காக அன்று. பொத்தான் சிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக. ஒரு வருடம் ஊதியவரின் அனுபவம் அந்த நிமிடத்தைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவல்லதன்று, அவருக்கு அது இன்னும் நேரவில்லையாதலால்.

நூறு பாகையைக் கடந்தபின் நிகழ்வது ஓமின் ஆட்சிக்கு அப்பாற்பட்டது. மறை மின்வாயாகிய காரீயத்தின்மேற் படிந்திருக்கும் மெல்லிய காப்புப்படை 80 முதல் 120 பாகை வரையிற் சிதைந்து, தானே வெப்பத்தை வெளிவிடும். 130 பாகையளவில் இரு மின்வாய்களையும் பிரிக்கும் பொலிதீன் தாள் உருகும். உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகும். வெப்பநிலை மேலும் ஏறி 200 பாகையை நெருங்க, நேர் மின்வாயிலுள்ள உலோக ஒட்சைட்டு ஒட்சிசனை விடும். எரியக்கூடிய திரவம் உள்ளே, ஒட்சிசனும் உள்ளே. வெளிக்காற்றை எதிர்பாராமலே தீப்பற்றும். பொத்தானை விட்டுப் பயனில்லை, சுருளைக் கழற்றியும் பயனில்லை. வெப்பம் வெப்பத்தைப் பெறும் இந்நிலையை வெப்ப ஓட்டம் என்பர்.

கலத்தின் நேர்முனையிலே வாயு வெளியேறச் சிறு துளைகள் உண்டு. கலம் வெளியே திறந்து கிடந்தாற் சீறிப் புகைந்து தீச்சுவாலை கக்கும், அதுவே கொடுமைதான். இரு முனையும் திருகி இறுக்கிய உலோகக் குழலுக்குள் அது நிகழுமாயின் குழல் பீரங்கியாகின்றது. இதனாலேயே குழலின் பக்கத்தில் வாயுத்துளைகள் போதிய அளவில் இருக்க வேண்டுமென்பர். அழகு கெடுமென்று துளையின்றிக் கடைந்த குழல்களும் விற்பனைக்கு வந்தன. 2018 மே மாதத்திற் புளோரிடா மாநிலத்துச் செயின்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே 38 வயதுடைய ஒருவர் தம் படுக்கையறையில் உயிரிழந்தார். வெடித்த கருவியின் துண்டு தலையினுட் பாய்ந்திருந்தது. 2019 சனவரியில் ரெக்சாஸ் மாநிலத்துப் போட் வேர்த் நகரில் 24 வயது இளைஞர் ஒருவரின் கழுத்து நாடியை உலோகத் துண்டு அறுத்தது. இரு நாள்களில் அவரும் இறந்தார். துண்டின் வேகமே இவ்விருவர் உயிரையும் போக்கிற்று.

ஐக்கிய அமெரிக்காவின் தீயணைப்பு நிருவாகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், 2009 முதல் 2016 வரை செய்தித்தாள்களில் வந்த 195 சம்பவங்களை ஆராய்ந்துள்ளது. காயமடைந்தோர் 133 பேர்; அவர்களுள் 38 பேருக்குக் கடுங்காயம். சம்பவங்களில் 60 கருவி பயன்படுத்தப்படும்போது நிகழ்ந்தன, 48 மின்னேற்றும்போது. பையில் வைத்திருந்தபோது நிகழ்ந்தவை 61. ஊதும்போது நேர்ந்ததற்குச் சமமாகவே ஊதாதபோதும் நேர்ந்திருக்கின்றது என்பது பலர் எண்ணிப்பாராத செய்தி.

பையில் என்ன நேர்கின்றது? 18650 கலத்தின் உருளைச் சுவர் முழுவதும் மறைமுனையே. அது மேலே நேர்முனைக் குமிழைச் சுற்றியுள்ள விளிம்புவரை வந்துவிடும். விளிம்புக்கும் குமிழுக்கும் இடைவெளி மிகச் சிறிது; அதனை மறைப்பவை ஒரு காகித வளையமும் மெல்லிய பிளாத்திக்கு உறையுமே. உறை கிழிந்த கலத்தைத் திறப்புக்கோவையோடும் சில்லறை நாணயத்தோடும் காற்சட்டைப் பையில் இட்டால், ஒரு திறப்பு விளிம்பையும் குமிழையும் சேர்த்துத் தொடப் போதும். அப்போது சுற்றிலுள்ள தடை கலத்தின் அகத்தடையும் திறப்பின் அற்ப தடையுமே. நூறு அம்பியருக்கு மேலும் ஓடும். சுருள் எத்தனை ஓம் என்று கவனமாக அளந்தவன் இப்படித் தன் தொடையிலே 0.02 ஓம் சுருளொன்றைச் சுமந்து செல்கின்றான். அமெரிக்காவின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 இல், தனித்து விற்கப்படும் 18650 கலங்களை வாங்கவே வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தமைக்கு இதுவே முக்கிய காரணம். விமானத்தில் இக்கருவிகளைப் பயணப் பொதியறையில் இடுவதும் தடுக்கப்பட்டுள்ளது. கைப்பையிலேயே கொண்டுசெல்லல் வேண்டும்.

குழற்கருவிகளிற் சிலவற்றிற் சுருள்தாங்கியின் நடுமுளை நேரே கலத்தின் குமிழைத் தொடும்படி அமைத்திருப்பர். முளை வெளியே நீட்டிக்கொண்டிராவிட்டால், அதைச் சுற்றியுள்ள உலோகம் கலத்தின் விளிம்பையும் கூடவே தொடும். திறப்பு பையிற் செய்த வேலையை இங்கே திருகாணி கைக்குள்ளேயே செய்துவிடும். இவ்வமைப்பை ஆக்கியோர் மின்னழுத்த நட்டத்தைக் குறைக்கவே அவ்வாறு செய்தனராம். நூற்றில் ஒரு வோல்ற்று ஆதாயத்துக்காக!

இரு கலங்களை இட்டால் அபாயம் பங்கிடப்படும் என்று எண்ணுவது பாதி உண்மை. சமாந்தரமாக இணைத்தால் அழுத்தம் 4.2 ஆகவே நிற்கும், 0.2 ஓமுக்கு ஓடும் 21 அம்பியரை இரண்டும் பகிர்ந்து, ஒவ்வொன்றும் பத்தரை தரும். தொடராக இணைத்தால் அழுத்தம் 8.4 ஆகும்; அதே சுருளில் 42 அம்பியர் ஓடும்; அந்த 42 உம் இரு கலங்களினூடாகவும் முழுதாகச் செல்லும். ஒன்று பழையது, மற்றது புதியது என்றால் பழையது முதலில் வறண்டு, மற்றதன் தள்ளுதலால் முனை மாறிக் கெடும். சோடியாக வாங்கியவற்றைச் சோடியாகவே பயன்படுத்த வேண்டுமென்பது இதனாலேயே.

ஒழுங்காக்கிக் கருவியிற் கணக்குத் தலைகீழ். அங்கே சுருளின் தடை கலத்தைப் பாதிப்பதில்லை. நீங்கள் குறித்த வலுவே பாதிக்கும். ஒரு கலத்தில் 75 வாற்று வேண்டுமென்று குறித்தால், பலகையில் நூற்றுக்குப் பத்து வீணாவதையும் சேர்த்து, கலம் 83 வாற்றுக்கு மேற் கொடுத்தாக வேண்டும். கலம் நிறைந்திருக்கையில் இது ஏறத்தாழ 20 அம்பியர். கலம் வறண்டு 3.2 வோல்ற்றுக்கு இறங்கும்போது அதே வலுவுக்காக 26 அம்பியர் இழுக்கப்படும். குழற்கருவி நிறைந்த கலத்தை வருத்தும். ஒழுங்காக்கி வறண்ட கலத்தை வருத்தும். ஆயினும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நாம் ஒழுங்காக்கியின் பக்கமே நிற்போம். பொத்தான் சிக்கினால் அது சில வினாடியில் தானே நிறுத்திக்கொள்ளும். குழலுக்கு அந்தப் புத்தி இல்லை. நிக்கற் கம்பி போன்றவற்றில் 0.1 ஓம் சுருள் சுற்றுவோர் ஒழுங்காக்கியைத் தவிர வேறெதையும் நினைக்கவே கூடாது. நிக்கலின் தடைத்திறன் காந்தலில் இருபதிலொரு பங்குதான். சூடேறும்போது அதன் தடை இரட்டிப்பதை அளந்தே அக்கருவி வெப்பநிலையைக் கணிக்கின்றது.

பழைய மடிக்கணினிப் பொதியை உடைத்து எடுத்த கலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுதுபார்க்குங் கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கும். மின்சூளில் இட்டாற் சிலகாலம் நன்றாகவே எரியும். அளவும் 18650 தான், ஆதலால் அக்குழலுக்குள்ளும் தடையின்றி நுழையும். ஆனால் அவை தடித்த பூச்சுடைய கலங்கள், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல மின் தருவதற்கென்றே ஆக்கப்பட்டவை. அவற்றுட் பல 5 அம்பியர் அளவுக்குமேல் தாங்கா. பொதியினுள் இருந்தபோது அவற்றைக் காவல் செய்த சுற்றுப்பலகை பொதியோடே போய்விட்டது. உறையிலே 18650 என்ற இலக்கத்தைக் கண்டு பொருந்துமென்று கொள்வோர், அதனருகே அச்சிட்டிருக்கும் உற்பத்திக் குறியீட்டைப் படித்து, அக்குறியீட்டுக்குரிய தரவுத்தாளில் அம்பியர் எத்தனை என்று பார்த்த பின்னரே பொத்தானில் விரல் வைக்க வேண்டும்.